முதுநிலைப் படிப்புக்கான இணைய விண்ணப்பம்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

இணையத்தில் நிரப்பிக்கொண்டிருக்கும் விண்ணப்பம் எங்கேனும் நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதலில் செய்வது அதே பொத்தானை மீண்டும் அழுத்துவதுதான். கட்டணம் இருமுறை பிடிக்கப்படுவதும், பரிந்துரை தரும் பேராசிரியருக்கு இரண்டு அழைப்புகள் போய் அவர் குழம்புவதும், ஒருவர் பெயரில் இரண்டு கணக்குகள் உருவாகி ஆவணங்கள் இரண்டாகச் சிதறுவதும் பெரும்பாலும் இந்தப் பதற்றத்தால்தான் நேர்கின்றன. விண்ணப்பம் ஒரே திரையில் நடக்கும் வேலையாகத் தோன்றினாலும், உண்மையில் அது பல கைகள் மாறிச் செல்கிறது: உங்கள் உலாவி, பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளம், வங்கி, தேர்வு நடத்தும் நிறுவனம், பரிந்துரையாளரின் அஞ்சல்பெட்டி, கடைசியாகச் சேர்க்கை அலுவலகத்தில் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஊழியர். ஆகவே எந்தச் சிக்கலிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது இப்போது யார் கையில் நிற்கிறது?” என்பதே. கீழே சிக்கல்களை வெளியே தெரியும் அறிகுறியின்படி அடுக்கியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்த அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். திரையில் தெரியும் பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டு, தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் அந்தச் செய்தி மறைந்துவிடும்; பின்னர் அலுவலகத்துக்கு எழுதும்போது “ஏதோ பிழை வந்தது” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

கணக்கு தொடங்க முடியவில்லை, அல்லது சரியான எண்ணைக் கொடுத்தும் உள்ளே விடவில்லை

உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஸ்பேம் கோப்புறையையும் விளம்பர அஞ்சல்களுக்கான பகுதியையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், முகவரியைத் தட்டச்சு செய்ததில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். தட்டச்சுப் பிழையுள்ள முகவரியில் தொடங்கிய கணக்கை விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் வேறெதையும் நிரப்பும் முன்னரே சரியான முகவரியில் புதிதாகத் தொடங்குவது நல்லது. சில பக்கங்கள் நிரப்பிய பிறகே இது தெரியவந்தால் புதிய கணக்கு தொடங்காமல், முகவரியை மாற்றித் தரும்படி அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

“இந்த முகவரியில் ஏற்கெனவே கணக்கு உள்ளது” என்று தளம் சொல்லும்போது பலர் தம் கணக்கை யாரோ திருடிவிட்டதாக அஞ்சுகின்றனர். எப்போதோ பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கூட்டத்துக்குப் பதிவு செய்திருப்பீர்கள், அல்லது தகவல் கேட்டுப் படிவம் ஒன்றை நிரப்பியிருப்பீர்கள். அப்போதே உங்கள் பெயரில் ஒரு பதிவு உருவாகியிருக்கும். கடவுச்சொல்லை மறந்ததாகச் சொல்லி அதே பதிவுக்குள் நுழையுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முதுநிலைச் சேர்க்கை ஸ்லேட் என்னும் மென்பொருளில் நடக்கிறது. அதில் கணக்கு தொடங்கும்போது மின்னஞ்சலில் ஒரு தற்காலிக எண் வரும். அந்த எண்ணோடு பிறந்த தேதியையும் கேட்பார்கள். எண் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால், முதன்முறை பதிவு செய்தபோது பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு, ஏனெனில் அங்கே மாதம் முன்னும் நாள் பின்னுமாக எழுதுவது வழக்கம். மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படி உள்ளே நுழைந்துவிட்டால் அந்தத் தேதியை உடனே திருத்திவிடுங்கள், ஏனெனில் இதே தேதியைக் கொண்டுதான் உங்கள் தேர்வு மதிப்பெண்களையும் பின்னர் இணைக்கப் போகிறார்கள்.

படித்து முடித்த கல்லூரி வழங்கிய மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தாதீர்கள். பட்டம் பெற்ற சில மாதங்களில் பல கல்லூரிகள் அதை மூடிவிடும். சேர்க்கை முடிவு வரும் நாளில் அஞ்சல்பெட்டியே இருக்காது.

நிரப்பியவை மறைந்துவிடுகின்றன

தளங்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அசைவில்லாத பயனரைத் தாமாகவே வெளியேற்றிவிடும். நீங்கள் ஒரு கட்டத்தில் அரை மணி நேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாலும், சேமிக்கும் பொத்தானை அழுத்தாதவரை சேவையகத்துக்கு அது அசைவாகவே தெரிவதில்லை. நீண்ட விடைகளை வேறொரு கோப்பில் எழுதி முடித்து, பிறகு கொண்டுவந்து ஒட்டுவதே இதற்குத் தீர்வு.

சேமித்தும் மறைகிறதென்றால், ஒரே விண்ணப்பம் இரண்டு டேப்களில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிலையிலுள்ள டேப்பிலிருந்து சேமித்தால், புதியதில் எழுதியவை அழிந்துபோகும். உலாவியின் பின்செல்லும் அம்பும் இதே வேலையைச் செய்யும். பக்கத்துக்குள் இருக்கும் ‘முந்தைய’ பொத்தானையே பயன்படுத்துங்கள். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். அது பக்கத்தின் எழுத்துகளை மாற்றி அமைப்பதால் படிவங்கள் சில நேரங்களில் செயலிழக்கின்றன. இவை எதுவும் காரணமில்லை என்றால், விளம்பரத் தடுப்பான் முதலிய நீட்சிகள் இல்லாத மறைநிலைச் சாளரத்திலோ, குரோமுக்குப் பதில் ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்து பாருங்கள். கைபேசியில் நிரப்புவதைத் தவிர்க்கவே பரிந்துரைப்பேன்.

எழுத்து வரம்பு மீறியதாகத் தளம் சொல்கிறது, எண்ணிப் பார்த்தால் மீறவில்லை

முதலில் வரம்பு சொற்களுக்கா, எழுத்துகளுக்கா என்று பாருங்கள். எழுத்துகளுக்கு என்றால் இடைவெளிகளும் கணக்கில் சேரும். வோர்டு மென்பொருள் காட்டும் எண்ணும் தளம் கொள்ளும் எண்ணும் வேறுபடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படிவத்தில் ஒரு வரி முறிவு சேவையகத்துக்கு அனுப்பப்படும்போது இரண்டு குறிகளாகச் செல்கிறது. பத்திகளுக்கு இடையே வெற்று வரி விட்டிருந்தால் ஒவ்வோர் இடைவெளிக்கும் நான்கு. வோர்டு தானாக இடும் வளைந்த மேற்கோள் குறி, எழுத்துகளுக்குப் பதில் பைட் என்னும் சேமிப்பு அலகுகளை எண்ணும் தளத்தில் மூன்றாக எண்ணப்படும். பதிவு செய்த பின் மேற்கோள் குறிகள் இருந்த இடங்களில் கேள்விக்குறிகளோ சிதைந்த குறிகளோ தெரிவதற்கும் இந்த வளைந்த குறிகளே காரணம். எளிய நோட்பேடில் ஒட்டி, மேற்கோள் குறிகளை நேர்க்குறிகளாக மாற்றி, அங்கிருந்து எடுத்துத் தளத்தில் ஒட்டினால் வளைந்த குறிகளால் வரும் இந்த இரண்டு சிக்கல்களும் தீரும்.

குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது, எனக்கோ குடும்பப் பெயர் இல்லை

இது சிறிய சிக்கலாகத் தோன்றினாலும், பின்னால் வரும் பல தாமதங்களுக்கு வேர் இதுவே என்பதால் அவசரமின்றி முடிவெடுங்கள். ஒற்றைப் பெயர் உடையவர்களும், பெயரோடு முதலெழுத்து மட்டும் இட்டு எழுதுபவர்களும் ஒரு படிவத்தில் முதலெழுத்தை விரித்து எழுதுவார்கள், மற்றொன்றில் புள்ளியோடு விடுவார்கள், தேர்வுப் பதிவில் வரிசையை மாற்றுவார்கள். மூன்றையும் ஒருவருடையவை என்று கணினி அறியாது.

கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுவது என்று தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டு, தேர்வுப் பதிவிலும் எல்லா விண்ணப்பங்களிலும் அதையே பின்பற்றுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், தளத்தின் உதவிப் பக்கத்தில் அதற்கென விதி இருக்கிறதா என்று தேடுங்கள். சிலர் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதச் சொல்வார்கள், சிலர் புள்ளி இடச் சொல்வார்கள், சிலர் அதே பெயரை இருமுறை எழுதச் சொல்வார்கள். அமெரிக்க விசா படிவத்தில் இட்ட பெயர் (கிவன் நேம்) இல்லாத இடத்தில், ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்று இடும் முறை இருப்பதால், அதைப் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் தாமாகவே எழுதிவிடுபவர்கள் உண்டு; பல்கலைக்கழகம் கேட்டாலன்றி அவ்வாறு எழுத வேண்டாம். பழைய சான்றிதழ்களில் பெயர் வேறு விதமாக இருந்தால், ‘முன்பு வழங்கிய பெயர்’ அல்லது ‘பிற பெயர்கள்’ என்ற கட்டம் அதற்காகவே இருக்கிறது.

கோப்பு பதிவேறவில்லை, அல்லது பதிவேறிய பின் வெற்றுப் பக்கமாகத் தெரிகிறது

தளம் கோப்பை உடனே மறுத்தால், முதலில் வடிவத்தைப் பாருங்கள். கைபேசியில் எடுத்த புகைப்படத்தின் பெயருக்குப் பின்னால் பி.டி.எஃப். என்று எழுதிவிட்டால் அது பி.டி.எஃப். ஆகிவிடாது, ஐபோன் படங்கள் பெரும்பாலும் ஹெச்.இ.ஐ.சி. வடிவத்தில் இருக்கும், அவற்றை முறையாக மாற்ற வேண்டும். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்துகளோ, சாய்கோடு, சதவிகிதக் குறி போன்றவையோ இருந்தாலும் சில தளங்கள் ஏற்பதில்லை.

வடிவம் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், கோப்பு பூட்டப்பட்டிருக்கலாம். பல்கலைக்கழகங்கள் மின்னணு முறையில் தரும் மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றுகளும் கடவுச்சொல்லோடோ, திருத்தத் தடையோடோ, மின்னொப்பத்தோடோ வருகின்றன. விண்ணப்பத் தளம் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கோத்து ஒரே நூலாக ஆக்க முயலும்போது இந்தப் பூட்டு குறுக்கே நிற்கும். அந்தக் கோப்பைத் திறந்து, அச்சிடும் கட்டளையில் அச்சுப்பொறிக்குப் பதில் பி.டி.எஃப். ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தால், பூட்டில்லாத நகல் கிடைக்கும். அச்சிடுவதையே தடுத்திருந்தால், வழங்கிய பல்கலைக்கழகத்திடம்தான் வேறு நகல் கேட்க வேண்டும். அச்சிட்ட நகலில் மின்னொப்பத்தின் சரிபார்க்கும் தன்மை போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், சேர்க்கை உறுதியான பின் அதையே கேட்பார்கள்.

அளவு மிகுதி என்ற செய்திக்குத் தீர்வு எளிய கணக்கில் இருக்கிறது. ஏ4 தாளை 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கத்துக்கு 2480-க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். 200 டி.பி.ஐ. என்றால் 39 லட்சத்துக்குள் அடங்கும், பாதிக்கும் குறைவு. வண்ணப் படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட், சாம்பல் நிறத்தில் ஒன்று. எனவே வண்ணத்தை விடுத்து 200 டி.பி.ஐ.-யில் மீண்டும் ஸ்கேன் செய்தாலே கோப்பு பெரிதும் சுருங்கிவிடும், எழுத்தும் தெளிவாக இருக்கும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை இணையக் கருவிகளில் மேலும் மேலும் சுருக்குவதால்தான் மதிப்பெண்கள் படிக்க முடியாமல் மங்குகின்றன. தவிர, சான்றிதழ்களை அறிமுகமில்லாத தளங்களில் ஏற்றுவது எனக்கு ஒருபோதும் சரியெனப் பட்டதில்லை.

பதிவேறிய பின் உங்கள் கணினியில் தெரிவதை நம்பாமல், தளம் காட்டும் முன்னோட்டத்தை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். நிரப்பக்கூடிய படிவக் கோப்புகளில் நீங்கள் எழுதியவை தளத்துக்குப் போகும்போது காணாமல்போய், கட்டங்கள் மட்டும் வெறுமையாக நிற்பதுண்டு. எழுத்துரு உட்பொதிக்கப்படாத கோப்பில் எழுத்துகள் கட்டங்களாக மாறும். இரண்டுக்கும் மேலே சொன்ன அச்சிட்டுச் சேமிக்கும் முறையே மருந்து.

என் மதிப்பெண் முறைக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை

அமெரிக்காவின் நான்கு புள்ளி அளவுகோலுக்கு மாற்ற, பத்துக்குக் கணக்கிட்ட சராசரியை 0.4-ஆலோ, சதவிகிதத்தை 0.04-ஆலோ பெருக்கிப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு முறைகளும் நேர்விகிதத்தில் பொருந்துபவை அல்ல. நீங்கள் இட்ட எண் மதிப்பெண் பட்டியலில் எங்கும் இல்லாததாகிவிடும். அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நான்குக்கு மேல் ஏற்காத கட்டமாக இருந்து, காலியாக விடவும் அனுமதித்தால் காலியாக விட்டு, கூடுதல் தகவலுக்கான இடத்தில் உங்கள் அளவுகோலை ஒரு வரியில் சொல்லுங்கள். காலியாகவும் விடவில்லையென்றால் அலுவலகத்தைக் கேட்பதே சரி.

பரிந்துரைக் கடிதம் வரவில்லை என்று காட்டுகிறது

இந்தப் பகுதியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது இது ஒன்று மட்டும் இன்னொருவர் அன்பையும் நேரத்தையும் நம்பியிருக்கிறது. நிலைப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர் மட்டும் பதிவாகி அழைப்பு அனுப்பப்படாத நிலை, அனுப்பியும் திறக்கப்படாத நிலை, திறந்தும் முடிக்கப்படாத நிலை என்று மூன்று வேறு நிலைகள் உள்ளன. மூன்றுக்கும் மருந்து வேறு.

அழைப்பே போகாத நிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. பரிந்துரையாளரின் விவரங்களை நிரப்பிச் சேமித்துவிட்டால் மின்னஞ்சல் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பல தளங்களில் சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. வேறு சில தளங்களில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, கட்டணமும் செலுத்திய பிறகே அழைப்பு புறப்படும். அத்தகைய தளத்தில் கடைசி நாளில் சமர்ப்பித்தால், பேராசிரியருக்கு எஞ்சுவது சில மணி நேரமே.

அனுப்பியும் திறக்கப்படவில்லை என்றால், முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். நான் விண்ணப்பித்த ஆண்டில், ஆசிரியர் ஒருவர் பணி மாறிச் சென்றதை அறியாமல் அவருடைய பழைய நிறுவன முகவரியை இட்டுவிட்டு, மூன்று வாரம் அவருடைய மௌனத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு வருந்தியிருக்கிறேன். அஞ்சல் அவரைச் சென்று சேரவே இல்லை. ஒருமுறை தொலைபேசியில் பேசியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். முகவரி சரியென்றால், அழைப்பு அவருடைய ஸ்பேம் கோப்புறையில் இருக்கலாம். வெளிநாட்டுத் தளத்திலிருந்து, இணைப்பைச் சொடுக்கச் சொல்லி வரும் அஞ்சலை நிறுவனங்களின் வடிகட்டிகள் சந்தேகிப்பது இயல்பு. எந்த முகவரியிலிருந்து, எந்தத் தலைப்பில் அஞ்சல் வரும் என்று முன்கூட்டியே அவருக்கு எழுதிவிடுங்கள்; நினைவூட்டல் அனுப்பும் பொத்தான் தளத்திலேயே இருக்கும்.

அழைப்பிலுள்ள இணைப்பு அந்த ஒரு பரிந்துரையாளருக்கும் அந்த ஒரு விண்ணப்பத்துக்கும் மட்டுமே உரியது. ஒருவருக்கு வந்ததை இன்னொருவருக்கு அனுப்பிவைத்தால் கடிதம் தவறான பெயரில் பதிவாகும். முகவரியை மாற்ற நேர்ந்தால் பழைய அழைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஆனால் அவர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தால், நீக்கும்போது அந்த வரைவும் போய்விடக்கூடும் என்பதால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திறந்தும் முடிக்கப்படாத நிலையில், கடிதத்தைப் பதிவேற்றிய பின் மதிப்பீட்டுக் கட்டங்களை நிரப்பி இறுதியாக அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் விட்டிருப்பதே வழக்கமான காரணம். அவர் தம் கடமையை முடித்துவிட்டதாகவே நினைத்திருப்பார், எனவே “கடிதம் அனுப்பினீர்களா?” என்று கேட்பதைவிட, “கடைசிப் பக்கத்தில் ஒரு பொத்தான் எஞ்சியிருப்பதாகத் தளம் காட்டுகிறது” என்று சொல்வது பணிவும் பயனும் உடையது.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அமெரிக்க விண்ணப்பங்கள் கேட்கும். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்னும் கூட்டாட்சிச் சட்டம், சேர்ந்து படிக்கும் மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருவதால் எழும் கேள்வி இது. விட்டுக்கொடுத்தால் கடிதம் ஒளிவின்றி எழுதப்பட்டதெனத் தேர்வுக்குழு கருதும் என்பதால் பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கின்றனர். அழைப்பு சென்ற பிறகு இந்த விடையை மாற்றப் பல தளங்கள் விடுவதில்லை, ஆதலால் முதலிலேயே தீர்மானியுங்கள்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும், பேராசிரியர் பெயரில் நீங்களே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, அதற்கு அழைப்பை அனுப்பி, நீங்களே கடிதத்தை ஏற்றிவிடாதீர்கள். அவரே சம்மதித்தாலும் அது பொய்ச் சான்றாகவே கருதப்படும். பின்னர் தெரியவந்தால் கிடைத்த சேர்க்கையும் இரத்தாகும். தாமதமாகும் ஒரு கடிதத்தைப் பொறுத்துக்கொள்ளும் துறைகள் பல உள்ளன, கேட்டுப் பாருங்கள்.

தேர்வு மதிப்பெண்ணை அனுப்பிவிட்டேன், தளம் ‘வரவில்லை’ என்கிறது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டீர்களா என்பது. சமர்ப்பிக்கும்வரை இணைப்பதற்கு முழுமையான பதிவு இல்லாததால், முன்பே வந்துசேர்ந்த மதிப்பெண் உரிமையாளர் இல்லாமல் காத்திருக்கும். சமர்ப்பித்த பின்னும் சில நாட்களில் இணையவில்லையென்றால் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் ஆகிய மூன்றும் இரண்டு இடங்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால், தேர்வுப் பதிவு எண்ணையும் தேர்வு நாளையும் குறிப்பிட்டு அலுவலகத்துக்கு எழுதினால் கையால் இணைத்துவிடுவார்கள்.

மூன்றும் ஒன்றாக இருந்தால், மதிப்பெண்ணைப் பெறும் நிறுவனத்தைக் குறிக்கும் குறியீட்டு எண்ணைத் தவறாகக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஒரே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கும், மேலாண்மைக் கல்லூரிக்கும், பொதுவான முதுநிலைப் பள்ளிக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருப்பதுண்டு. துறையின் சேர்க்கைப் பக்கத்தில் தரப்பட்டுள்ளதை மட்டுமே நம்புங்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வை எழுதும் நாளிலேயே நான்கு நிறுவனங்கள்வரை தேர்வுக் கட்டணத்துக்குள் அனுப்பலாம் என்பதால், இந்தக் குறியீடுகளைத் தேர்வுக்கு முன்பே திரட்டி வைப்பது நல்லது. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைச் சில பல்கலைக்கழகங்கள் சான்றிதழில் உள்ள எண்ணைக் கொண்டு தாமே சரிபார்த்துக்கொள்ளும். அங்கே தனியாக அனுப்பத் தேவையே இல்லை. இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையெனில், மதிப்பெண் காலாவதியாகியிருக்கலாம்: ஜி.ஆர்.இ.-க்கு ஐந்து ஆண்டு, ஆங்கிலத் தேர்வுகளான டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டுக்கும் இரண்டு ஆண்டு என்பது பொது வழக்கம். சேரும் நாள்வரை செல்லுபடியாக வேண்டுமா, விண்ணப்பிக்கும் நாள்வரை போதுமா என்பது துறைக்குத் துறை மாறும்.

மீண்டும் பணம் கட்டி இரண்டாவது முறை மதிப்பெண் அனுப்புவது, இந்தப் படிகளை எல்லாம் முடித்த பிறகு மட்டுமே.

பணம் கழிந்துவிட்டது, தளமோ கட்டணம் செலுத்தப்படவில்லை என்கிறது

மீண்டும் செலுத்தாதீர்கள். வங்கி முதலில் தொகையை ஒதுக்கி நிறுத்துகிறது, வணிகர் உறுதி செய்த பின்னரே அதை எடுக்கிறது. இடையில் இணைப்பு அறுந்தால் ஒதுக்கம் மட்டும் நின்று, சில நாட்களில் தானாக விடுவிக்கப்படும். வங்கிக் கணக்கில் அது நிலுவை என்று தெரிகிறதா, முடிந்தது என்று தெரிகிறதா என்று பாருங்கள். முடிந்தது என்றால் பரிவர்த்தனை எண்ணோடு சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். கட்டணம் வந்ததைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வார்கள். கெடுவுக்குச் சில மணி நேரமே இருக்கும்போது இப்படி நேர்ந்தால் மட்டும், அலுவலகத்துக்கு எழுதிவிட்டு இரண்டாம் முறை செலுத்துவது நியாயமான இழப்பு.

அட்டை உடனே மறுக்கப்பட்டால், வெளிநாட்டுப் பரிவர்த்தனை அதில் இயக்கப்பட்டுள்ளதா, அஞ்சல் குறியீடும் முகவரியும் வங்கியில் உள்ளபடியே இருக்கின்றனவா, ஓ.டி.பி. கேட்கும் சாளரத்தை உலாவி தடுத்துவிட்டதா என்ற மூன்றையும் பாருங்கள். கட்டண விலக்குக் கோரும் எண்ணம் இருந்தால், செலுத்துவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்து விடைக்குக் காத்திருங்கள். செலுத்திய கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை.

சமர்ப்பிக்கும் பொத்தான் மங்கலாக இருக்கிறது

எங்கோ ஒரு கட்டாயக் கேள்வி காலியாக இருக்கிறது. ஒரு விடையைத் தேர்ந்த பிறகு மட்டும் தோன்றும் துணைக்கேள்விகளே பெரும்பாலும் விடுபடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்ததும் கீழே புதிதாக முளைக்கும் ‘யாருடன் பணிபுரிய விரும்புகிறீர்கள்’ என்ற கட்டம். படித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக மதிப்பெண் பட்டியல் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு பருவம் மட்டும் படித்த இடமும் இதில் சேரும். கையொப்பப் பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெயர், முதற்பக்கத்தில் உள்ள பெயரோடு இடைவெளிவரை ஒத்திருக்க வேண்டும்.

கெடு முடிந்துவிட்டது என்கிறது, என் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருக்கிறது

கெடு எந்த நேர மண்டலத்தில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். டிசம்பர் 15 இரவு 11:59 என்பது அமெரிக்கக் கிழக்கு மண்டலத்தில் என்றால், யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரப்படி 16-ஆம் தேதி அதிகாலை 4:59. பசிபிக் மண்டலத்தில் என்றால் காலை 7:59. மத்திய ஐரோப்பாவில் என்றால் 15-ஆம் தேதி இரவு 10:59-க்கே முடிந்துவிடும். ‘பூமியில் எங்கேனும்’ என்ற பொருளில் ஏ.ஓ.இ. என்று குறித்திருந்தால் 16-ஆம் தேதி பகல் 11:59 வரை நேரம் உண்டு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்வதால், இலையுதிர்காலத்தில் கணித்து வைத்த நேரம் டிசம்பருக்குப் பொருந்தாது.

ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுச் சான்றிதழ்களை யூனி-அசிஸ்ட் என்னும் அமைப்பின் மூலம் சரிபார்க்கின்றன. சில இடங்களில் அங்கும் பல்கலைக்கழகத் தளத்திலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகுமென்பதால், அங்கே கெடு நாளில் தொடங்குவது தாமதமாகத் தொடங்குவதே.

தளமே திறக்காமல் கெடு கடந்துவிட்டால், பிழைத்திரையின் படத்தோடு அதே மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தவறு தளத்துடையது என்று அவர்களுடைய பதிவிலும் தெரிந்தால், பலர் மறுபடி திறந்துவிடுவார்கள். மறுநாள் எழுதினால் அந்த வாய்ப்பு குறைகிறது.

சமர்ப்பித்த பிறகு தவறு கண்ணில் படுகிறது

தவறின் எடையைப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகவோ விடுபட்ட காற்புள்ளிக்காகவோ யாருக்கும் எழுத வேண்டாம். நோக்க அறிக்கையில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் நின்றுவிட்டது, தவறான கோப்பு ஏறிவிட்டது, பட்டம் பெற்ற ஆண்டு பிழையானது என்பன போன்றவற்றுக்கு எழுதியே ஆக வேண்டும். அதற்கு முன் நிலைப் பக்கத்தில் கூடுதல் ஆவணம் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்களில் இருக்கும்.

எழுதும்போது முழுப் பெயர், விண்ணப்ப எண், படிப்பின் பெயர், தவறு எது, சரியானது எது என்பவற்றை ஐந்தாறு வரிகளில் அடக்கி, திருத்திய கோப்பை இணைத்து அனுப்புங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும். ஆவணமும் கட்டணமும் தொடர்பானவற்றைச் சேர்க்கை அலுவலகத்துக்கும், நோக்க அறிக்கை, பாடப்பிரிவு, ஆய்வு வழிகாட்டி தொடர்பானவற்றைத் துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளருக்கும் அனுப்புங்கள். ஒரே அஞ்சலை எல்லோருக்கும் அனுப்பினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

தவறான படிப்பையே தேர்ந்து சமர்ப்பித்துவிட்டால் மட்டும் புதிய விண்ணப்பம் தொடங்காதீர்கள். பழையதை மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். கெடுவுக்கு முன் கேட்டால் பல அலுவலகங்கள் உள்ளேயே மாற்றிவிடுகின்றன, இரண்டாவது கட்டணமும் தேவைப்படாது.

சமர்ப்பித்து இரண்டு வாரமான பின்னும் நிலைப் பக்கத்தில் ஏதேனும் ஓர் ஆவணம் ‘வரவில்லை’ என்றே நின்றால், அது ஊழியரின் மேசையில் வரிசையில் இருக்கக்கூடும். கெடுவை ஒட்டிய வாரங்களில் அது இயல்பு. அந்தப் பக்கத்தில் ‘இந்தத் தேதி வரை பெறப்பட்டவை பரிசீலிக்கப்பட்டுள்ளன’ என்பது போன்ற குறிப்பு இருந்தால், உங்கள் தேதி அதற்கு முந்தையதாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள்.